போனுக்கு வயது பதினொன்று

லிஃப்டுக்காரருக்குக் கோபம் வரும் என்பது அவர் மனைவிக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு போனால்.

அவர் வேலை அப்படி. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் யாரும் மரியாதையாகப் பேசும் நிலைமையில் இருக்க மாட்டார்கள். கத்துவார்கள், அழுவார்கள், சிலர் அவருடைய பரம்பரையையே வம்புக்கு இழுப்பார்கள். இவர் எல்லாருக்கும் ஒரே குரலில், "உள்ள லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா? அப்ப பயமில்ல. கீழ உட்காந்துக்குங்க, வந்துட்டே இருக்கேன்" என்பார். அந்தக் குரலுக்கு எப்பேர்ப்பட்டவர்களும் அடங்கிவிடுவார்கள். அவர் பார்த்துக்கொண்ட கட்டடங்களில், ஒவ்வொரு லிஃப்டிலும் பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அவர் நம்பர்தான் இருந்தது.

பழைய போனில் எதிராளி பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கிறது என்று நச்சரித்துப் புதுப் போன் வாங்க வைத்தவள் மனைவி. சலவைக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். துணியையும் ஆளையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள். கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போய், சீல் வைத்த பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி வாங்கினார்கள். ஒரு வருஷ உத்தரவாதம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் திரை கறுத்தது. அப்புறம் வெளிச்சமே வரவில்லை.

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் செருப்புச் சத்தம் கேட்காத அளவுக்குக் கம்பளம் விரித்திருந்தார்கள். சுவரில் நிறுவனர் கண்ணாடிச் சட்டத்துக்குள் யாரையோ மன்னிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார். டோக்கன் வாங்கி, அந்த டோக்கனைக் காட்டி இன்னொரு டோக்கன் வாங்கி, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார் லிஃப்டுக்காரர்.

"எவ்வளவு நாளா யூஸ் பண்றீங்க சார்?"

"வாங்கி மூணு மாசம் ஆச்சும்மா."

"அதை நாங்க சொல்லணும் சார். நீங்க சொல்லக் கூடாது" என்றாள் அவள், மிகவும் அன்பாக.

உள்ளே ஓர் அறைக்கு வயது நிர்ணயப் பிரிவு என்று பெயர் எழுதியிருந்தது. வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட ஓர் அலுவலர் போனை வெல்வெட் தட்டில் மல்லாத்தி வைத்து, ஒரு வயரைச் சொருகி, கணினியை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொந்தக்காரர்களிடம் டாக்டர் பேசும் தொனியில் பேசினார்.

"ஒரு வருஷம் நாலு மாசம்."

"என்னது சார்?"

"உங்க போன் பயன்பாட்டுல இருக்கிற காலம். செஞ்ச தேதி வேற, வித்த தேதி வேற, விழிச்ச தேதி வேற. நாங்க விழிச்ச தேதியைத்தான் எடுத்துக்குவோம். ஃபாக்டரியில சோதிக்கறதுக்காக இதை ஒரு தடவை ஆன் பண்ணியிருக்காங்க. அப்பவே கண்ணு முழிச்சிடுச்சு."

"முழிச்சிட்டு?"

"மறுபடி ஆஃப் பண்ணிட்டாங்க. ஆனா கணக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சே."

லிஃப்டுக்காரர் யோசித்தார். "அப்ப நான் வாங்கும்போதே உத்தரவாதம் முடிஞ்சு போயிருந்ததா?"

"முடிஞ்சு ஒரு மாசம் ஆகியிருந்தது" என்றார் அலுவலர் உண்மையான வருத்தத்தோடு. "நீங்க கொஞ்சம் சீக்கிரம் வந்து வாங்கியிருக்கலாம்."

"சார், பெட்டியைப் பிரிச்சதே என் சம்சாரம்தான்."

"இருக்கலாம். நாங்க வாடிக்கையாளரை முழுசா நம்பறோம் சார். அவர் சொல்றதைத்தான் நம்பறதில்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. எங்களுக்குப் பயிற்சியில மொத நாளே இதைச் சொல்லித் தருவாங்க."

ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார் லிஃப்டுக்காரர். அப்படியானால் மறு நிர்ணயம், அதுவரைக்கும் போன் எங்கள் பாதுகாப்பில் என்று அலுவலர் அதை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

"சிம்மையாவது எடுத்துக் குடுங்க சார். ஜனங்க கூப்பிடுற நம்பர்."

"சிம்மும் ஒரு சாட்சி சார். சாட்சியைப் பிரிக்கக் கூடாது."

அதே நம்பரில் வேறு சிம் வாங்கலாம் என்று செல்போன் கம்பெனிக் கடைக்குப் போனார். உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க, உடனே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். அந்த நம்பர்தான் கையில் இல்லை என்றார். பரவாயில்லை, கைக்கு வந்தப்புறம் வாங்க என்றார்கள்.

லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். ஆனால் கூப்பிட்டால் கிடைக்காதவனை அவசர வேலைக்கு வைத்துக்கொள்ள அவரால் முடியாது. வேறு நம்பர் போட்டுப் புது ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொல்லியிருப்பதாகவும், அது வரும்வரை குழி சுத்தம் செய்யும்படியும் சொன்னார். குழி என்றால் லிஃப்ட் கூண்டு வந்து இறங்கும் இடத்துக்கும் கீழே இருக்கும் பள்ளம். வருஷக்கணக்காக மேலேயிருந்து விழுந்த சாவி, தோடு, சாக்லேட் தாள், செத்த எலி எல்லாம் அங்கேதான் இருக்கும். லிஃப்டுக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு வாளியோடு குழியில் இறங்கினார். தலைக்கு மேலே ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறு நிர்ணயக் குழுவில் மூன்று பேர். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. நடுவில் இருந்த தலைவி அம்மையார் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, ஒரு போன் கடையிலயோ ஃபாக்டரியிலயோ பிறக்கறதில்ல. அதை வடிவமைச்ச கலைஞனோட மனசுல பிறக்குது. அவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தான். அது பயன்பாடு இல்லையா? எங்க அலுவலர் அவசரப்பட்டு ஒரு வருஷம் நாலு மாசம்னு சொல்லிட்டார். அதுக்காக நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நாலு வருஷம்."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மன்னிப்புக் கேட்பதில் எங்கள் கம்பெனிதான் முதலிடம் என்று அவர்களில் ஒருவர் லிஃப்டுக்காரரிடம் தனியாகச் சொன்னார்.

அதுவரைக்கும் அவருக்குக் குழப்பம்தான் இருந்தது. கோபம் வந்தது அதற்கு மறுநாள். குழி வேலை முடித்து, கை கழுவிக்கொண்டு லிஃப்ட் கம்பெனிப் பட்டறை வாசலுக்கு வந்தபோது மருந்துக் கடைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் கடை வைத்திருப்பவர். முந்தின வாரம் அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது. உள்ளே அவர் மட்டும். ஃபேன் ஓடவில்லை, லைட்டும் போய்விட்டது. காவல்காரர் யாரையோ தேடிப்பிடித்து வந்து திறக்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது.

"உங்க நம்பர்தான் எனக்கு மனப்பாடம்" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. "போன வருஷம் மாட்டிக்கிட்டப்ப நீங்க பேசினது ஞாபகம் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே அழுத்திக்கிட்டிருந்தேன். நீங்க எடுக்கல."

லிஃப்டுக்காரர் வாயைத் திறந்தார். என் போன் பயன்பாட்டில் இருக்கும் காலம் குறித்து ஒரு கருத்து வேறுபாடு என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இவர் கை கழுவின ஈரம் காயும்வரை அங்கேயே நின்றார். அன்றைக்கு வீட்டில் தட்டைத் தள்ளி வைத்த வேகத்தைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் புரிந்தது.

தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு போனார். அங்கே தலைமை நிர்ணயர் என்று ஒரு பெரியவர். கணினியெல்லாம் அவருக்குக் கிடையாது. போனைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, பூதக் கண்ணாடியில் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மாதிரி மரை இப்ப யாரும் போடறதில்ல. பதினோரு வருஷம்."

கீழே வரவேற்பறையில், கம்பெனி தொடங்கி ஒன்பது ஆண்டுகள் நிறைவு என்று பித்தளைப் பலகை பளபளத்துக்கொண்டிருந்தது. லிஃப்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஒத்துக்கிட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

"என்ன சொல்ற நீ?"

"சண்டை போடப் போட வயசை ஏத்திக்கிட்டே போறாங்க. துணியில சாயம் போச்சுன்னு கத்திக்கிட்டு வர்றவங்களை நான் ரெண்டே வார்த்தையில அனுப்பிடுவேன். சிரிச்சுக்கிட்டே 'சரிங்க, நீங்க சொன்னா சரிதான்'னு நிக்கிறவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்தைக் கலக்கும். போய் ஒத்துக்குங்க. என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்."

போய் ஒத்துக்கொண்டார். பதினோரு வருஷம்தான், என் தப்பு என்றார். அங்கே ஒரே கலவரமாகிவிட்டது. மறுப்பவர்களை எங்கே அனுப்புவது என்று எல்லாருக்கும் தெரியும். ஒத்துக்கொண்டவர் ஒருத்தரும் இதுவரை வந்ததில்லை. ஒவ்வொரு மாடியாக அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் விளம்பரப் பிரிவுத் தலைவர் காதில் விஷயம் விழுந்தது. பதினோரு வருஷம் ஒரே போனை வைத்திருக்கும் வாடிக்கையாளர் என்று கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

விழா தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடியில் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத் துணி மேல் போனை வைத்திருந்தார்கள். திரைதான் செத்துக் கிடந்ததே, அதனால் வெளிச்சமான திரையின் படம் ஒன்றை அச்சடித்து அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போன் உயிரோடு இருப்பதாகத்தான் தெரிந்தது. பத்திரிகைக்காரர்களை அந்தத் தூரத்தில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

கம்பெனித் தலைவர் பேசினார்.

"மத்த கம்பெனிக்காரங்க உங்க கையில புத்தம் புதுப் போனைக் குடுக்கறாங்க. உலகம் தெரியாத போன். எந்த அனுபவமும் கிடையாது. நாங்க அப்படி இல்ல. எங்க போன் ஒவ்வொண்ணும் நீங்க வாங்கும்போதே அனுபவசாலி. எங்க போன் கெட்டுப் போகாது. கெட்டுப் போச்சுன்னு யாராவது கொண்டுவந்தா, அது எங்க போனா இருக்காதுன்னு நிரூபிக்கறதுக்கு எங்ககிட்ட நாலு பிரிவு இருக்கு. இன்னும் ரெண்டு தொடங்கப் போறோம்."

நல்ல கைதட்டல். பிறகு லிஃப்டுக்காரர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இதற்காகத்தான் அவர் பல நாளாக வார்த்தையைத் தீட்டி வைத்திருந்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றார். "உங்க கம்பெனிக்கு ஒன்பது வயசு. இந்த போனுக்குப் பதினொண்ணு. அப்படின்னா நீங்க பிறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இது என் கையில இருந்திருக்கு. இதை யாரு செஞ்சது?"

அவருக்கு உள்ளுக்குள் தித்தித்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் பத்துக் குழி சுத்தம் செய்யலாம் என்று தோன்றியது.

தலைவர் சிரித்தார். "அருமையான கேள்வி. கம்பெனிக்கு வயசு பன்னிரண்டு. அதை நாங்க அடக்கத்தினால வெளிய சொல்லாம இருந்தோம். இன்னைக்கு இவர் நம்ம வாயிலேருந்து வரவழைச்சுட்டார்." முன்னைவிடப் பெரிய கைதட்டல். மேடை ஓரத்தில் நின்ற ஒருவர், பித்தளைப் பலகையை மாற்றச் சொல்லி யாருக்கோ போன் செய்யப் போனார். லிஃப்டுக்காரர் கையிலிருந்த மைக்கைப் பதமாக வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பூங்கொத்தைத் திணித்தார்கள்.

லிஃப்ட் முக்கியப் பிரமுகர்களுக்கு மட்டும் என்று சொன்னதால் படியில் இறங்கினார். நாலாவது மாடி திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

படம் எடுப்பதற்காகக் கதவை மூட விடாமல் பிடித்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கதவு கோபித்துக்கொண்டு, லிஃப்ட் நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கதவோரம் காதை வைத்துக் கேட்டார். தலைவர், குழுத் தலைவி அம்மையார், தலைமை நிர்ணயர், முதல் நாள் பார்த்த வெள்ளைக் கோட்டு அலுவலர். போன் இருக்கும் கண்ணாடிப் பெட்டியும் அவர்களோடுதான் இருக்கிறது என்று பேச்சில் தெரிந்தது.

அந்த லிஃப்டும் அவர் பார்த்துக்கொண்டதுதான், புது ஸ்டிக்கர் இன்னும் அங்கே வந்திருக்கவில்லை. வெளிக் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி லிஃப்டுக்காரர் பையில் எப்போதும் இருக்கும். இரண்டு நிமிஷ வேலை. பூங்கொத்தைப் படியில் வைத்தார்.

"உள்ள லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா?"

"ரெண்டும் ஓடுது. யாரு? சீக்கிரம் திற" என்றது தலைவர் குரல்.

"யாருக்காவது நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருக்கா? மாத்திரை போடறவங்க யாராவது இருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்ல. அஞ்சு நிமிஷமா நிக்கிறோம்."

லிஃப்டுக்காரர் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். மருந்துக் கடை அம்மா இருட்டில் அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்துவது அவர் கண்ணில் வந்து நின்றது. சாவியை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, படியில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்கன்னு நாங்கதான் சொல்லணும் சார்" என்றார். அதே குரல்தான். அதில் கோபம் துளி கூட இல்லை. "லிஃப்ட் நின்ன நேரம் வேற, நீங்க கவனிச்ச நேரம் வேற. புகார் வந்த நேரத்தைத்தான் நாங்க எடுத்துக்குவோம். புகார் இன்னும் வரல."

"இப்பச் சொல்றோமே."

"கதவு வழியா சொல்றது செல்லாது. பொத்தானுக்கு மேல நம்பர் ஒட்டியிருக்கும். அதுல கூப்பிடுங்க."

உள்ளே பொத்தான் அழுத்தும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அலுவலர் குரல் வந்தது. "ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"வரும் சார். அந்த சிம் நீங்க வச்சிருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு."

அலுவலர் மெதுவாக, "சார், அது சாட்சி" என்றார். "உடைடா" என்றார் தலைவர். கண்ணாடி நொறுங்கியது. எடுத்த சிம்மை யார் போனில் போடுவது என்று அடுத்த தகராறு. அம்மையார் போன் காலையிலிருந்தே சூடாகி அணைந்து கிடந்தது. தலைமை நிர்ணயரின் போனில் சிம் போடும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தலைவர் தன்னுடையதை நீட்டியிருக்க வேண்டும்.

"சார், இது நம்ம கம்பெனி போன் இல்லையே" என்றது அலுவலர் குரல்.

"வாயை மூடிக்கிட்டு சிம்மைப் போடு."

போட்டார்கள். அலுவலர் தன் போனிலிருந்து அழைத்தார். லிஃப்டுக்குள்ளேயே தலைவர் கையிலிருந்த போன் மணி அடித்தது.

"அடிக்குது" என்றார் தலைவர்.

"எடுங்க சார்."

"நான் எடுத்து என்ன பண்றது?"

"அந்த நம்பருக்கு வர்ற புகாரை எடுக்கறவங்க எடுத்தாத்தான் பதிவாகும். உங்க கையில இருக்கு, நீங்கதான் எடுக்கணும். நான் எப்படி எடுக்க முடியும்? நான் வெளியிலதானே இருக்கேன்."

தலைவர் எடுத்தார். ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்த அலுவலர், "ஹலோ, நாங்க லிஃப்டுல மாட்டிக்கிட்டோம் சார்" என்றார்.

"தெரியும்" என்றார் தலைவர்.

"அப்படிச் சொல்லக் கூடாது சார்" என்றார் லிஃப்டுக்காரர் வெளியிலிருந்து. "பயந்து போயிருக்கிறவங்க. லைட் எரியுதான்னு கேளுங்க. கீழ உட்காரச் சொல்லுங்க. வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தலைவர் பேசுவது கேட்டது. "லைட் எரியுதா?"

"எரியுது சார்."

"கீழ உட்காந்துக்குங்க. வந்துட்டே இருக்கேன்."

நாலு பேரும் கீழே உட்காரும் சத்தம் கேட்டது. அம்மையாருக்கு முட்டி மடங்கவில்லை போல, யாரையோ பிடித்துக்கொண்டார். புகார் பதிவாகிவிட்டது, இனி இந்த லிஃப்ட் எத்தனை வருஷமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று நிர்ணயித்த பிறகு திறக்கலாம் என்றார் லிஃப்டுக்காரர். நான்கு பேரும் ஒருமித்த குரலில், நீங்கள் என்ன வயசு சொன்னாலும் ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படி ஒத்துக்கொள்பவர்களுக்கு விழா எடுப்பதுதான் வழக்கம், அதற்கு ஆட்கள் வர வேண்டும் என்றார் அவர். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவ்வப்போது மட்டும் ஃபேன் ஓடுகிறதா, யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டுக்கொண்டார். இரண்டு தடவை தலைவர் மிரட்டினார். ஒரு தடவை அலுவலர் அழுதார். தலைமை நிர்ணயர் மட்டும் தூங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது என்று லிஃப்டுக்காரருக்குத் திருப்தியானதும் எழுந்து சாவியைப் போட்டார்.

தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து வருகிற இடைவெளிதான் கிடைத்தது. மேலே சாப்பாடு முடித்துவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் இறங்கி வந்த நேரமும் அதுதான். முதலில் வந்தது தலைவரின் தலை.

நின்று நிதானித்ததும் தலைவர் லிஃப்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "ரொம்ப தேங்க்ஸ்" என்றார். திறந்துவிட்டால் எல்லாரும் அப்படித்தான், நன்றி தானாக வாயில் வந்துவிடும். லிஃப்டுக்காரர் தன் கையை மெல்ல விடுவித்து, தலைவர் போனிலிருந்து சிம்மை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடையில் நின்றார். அந்த அம்மா யாருக்கோ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை காத்திருந்து, நம்பர் கைக்கு வந்துவிட்டதையும், எப்படி வந்தது என்பதையும், அவர்கள் தவழ்ந்து வந்ததையும், தலைவர் நன்றி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

"உங்களை வச்சிருந்த அதே அளவு. ஒன்றரை மணி."

"ஃபேன் ஓடுச்சா?"

"ஓடுச்சும்மா. லைட்டும் எரிஞ்சது."

அந்த அம்மா அவரைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார்.

"அப்புறம் ஏன் அதுக்குள்ள திறந்தீங்க?"